மேல்வீட்டு அம்மாவும் என் பூட்டியின் பெயரும்

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். ஒவ்வொருவருக்கும் தாய், தகப்பன் என்று இரண்டு பேர். அவர்களைப் பெற்றவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரையும் பெற்றவர்கள், அதாவது எங்கள் பூட்டன் பூட்டிமார், எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

எனக்கு மூன்று பெயர்தான் தெரிந்திருந்தது. மூன்றும் ஆண்களின் பெயர். நான்கு பூட்டிமாரில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இது தெரியாது என்பதே அறுபது வயது தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் தெரியவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் பேத்தி. மற்றவர் எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டில் இருக்கும் ஸ்கொட்லாந்து வழிவந்த ஒரு வயோதிப அம்மா.

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்ப மரம் ஒன்று வரைய வேண்டும். அவள் பெரிய தாளில் கிளைகளைக் கீறிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள். முதல் கேள்வி இதுதான். "அப்பப்பா, ரொறன்ரோவில இருக்கிற சின்ன அப்பப்பா உங்கட சொந்தத் தம்பிதானே? அப்ப ஏன் அவையின்ர கடைசிப் பெயர் வேற, எங்கட கடைசிப் பெயர் வேற?"

நேயர்களே, இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். இந்த நாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கூடு இருந்தது. அதை வெறுமையாக விட முடியாது. என் படிவத்தை நிரப்பியவர் என் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டார். தம்பி வந்தபோது நிரப்பியவர் எங்கள் ஐயாவின் பெயரைப் போட்டார். இரண்டு எழுதுவினைஞர்கள், இரண்டு நாள், ஒரு குடும்பம் இரண்டாகிவிட்டது. நூறு வருடம் கழித்து யாராவது தேடினால் நானும் தம்பியும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "நீங்கள் கனடாவுக்கு வந்த விமானத்தின்ர பயணிகள் பட்டியலில உங்கட பெயர் இருக்குமா? ரீச்சர் சொன்னா, கப்பலில வந்த ஆக்களின்ர பெயரெல்லாம் பட்டியலில இருக்குதாம்." நான் எழுந்து போய்க் கேத்திலை வைத்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேல்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்து நான்கு வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் கிரேக்கர்கள் நிறைந்திருந்த காலத்திலேயே குடிவந்தவர். பனி காலத்தில் நான் அவருடைய படிகளையும் சேர்த்து வழித்துவிடுவேன். அவர் ஓட்ஸ் பிஸ்கற் சுட்டுக் கொண்டுவந்து தருவார். அவருடைய பெயர் 'மக்' என்று தொடங்கும். பேத்தியின் மரத்தை அவருக்குக் காட்டியபோது அவர் தன் அலுமாரியிலிருந்து ஒரு கட்டுக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினைந்து வருடமாகத் தன் முன்னோரைத் தேடிச் சேர்த்தவை.

அவருடைய ஆட்கள் ஸ்கொட்லாந்தின் வடமேற்கே கடலுக்குள் கிடக்கும் லூயிஸ் என்ற தீவைச் சேர்ந்தவர்கள். பேசிய மொழி ஆங்கிலமல்ல, கேலிக். சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, உருளைக்கிழங்கு நட்டு, மீன்பிடித்துச் சீவித்தவர்கள். நிலம் அவர்களுடையதல்ல. 1844-இல் அந்தத் தீவு முழுவதையும் ஜேம்ஸ் மத்திசன் என்பவர் விலைக்கு வாங்கினார். சீனாவுக்கு அபின் விற்ற ஜார்டின் மத்திசன் நிறுவனத்தின் பங்காளி அவர். 1846-இல் உருளைக்கிழங்குக்கு நோய் விழுந்தது. சனம் பட்டினி கிடந்தது. குத்தகை கட்ட முடியவில்லை. 1851-இல் தீவின் மேலாளர் ஜோன் மன்றோ மக்கென்சி ஊர் ஊராகப் போய், யார் எவ்வளவு பாக்கி, யாரை அனுப்பலாம் என்று குறித்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. கப்பல் கூலி தருகிறோம், பாக்கியைத் தள்ளிவிடுகிறோம், கனடாவுக்குப் போங்கள் என்றார்கள். போகாவிட்டால் நிலத்தை விட்டு எழுப்புவோம் என்றும் சொன்னார்கள். விருப்பத்தோடு போனவர்களும் உண்டு. வேறு வழியில்லாமல் போனவர்களும் உண்டு. அந்த ஆண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கியூபெக்குக்கு ஏற்றப்பட்டார்கள்.

இது ஒரு தீவின் கதை மட்டுமல்ல. 1746-இல் கலொடன் போரில் தோற்ற பிறகு ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் பழைய வாழ்க்கை குலைந்தது. 1773-இல் ஹெக்டர் என்ற பழைய கப்பலில் சுமார் 190 பேர் நோவா ஸ்கோசியாவின் பிக்ரோவுக்கு வந்தார்கள். வழியில் அம்மை நோயும் வயிற்றோட்டமும் வந்து, பெரும்பாலும் குழந்தைகள், பதினெட்டுப் பேரளவில் இறந்துபோனார்கள். பின்னர் செம்மறியாடு மேய்ப்பதற்காகப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களை வெளியேற்றினார்கள். 1851-இல் தெற்கு யூயிஸ்ற், பாரா தீவுகளிலிருந்து மட்டும் 1,700 பேரளவில் கோர்டன் என்ற நிலவுடைமையாளர் கியூபெக்குக்கு அனுப்பினார். அவர்கள் உடுக்கத் துணியும் இல்லாமல் வந்து இறங்கியதை குறோஸ் தீவின் தனிமைப்படுத்தல் நிலையத்து வைத்திய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.

மொன்றியலில் இருக்கும் எங்களுக்கு ஸ்கொட்லாந்துக்காரர் என்றால் பணக்காரர் என்ற நினைப்பு. அதிலும் பிழையில்லை. மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பெயரும் பணமும் கொடுத்த ஜேம்ஸ் மக்கில் 1744-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அடிமைகளை வைத்திருந்தவர் என்பதும் ஆவணத்தில் இருக்கிறது. இந்த நகரத்தின் கொடியில் இருக்கும் முட்பூ ஸ்கொட்லாந்துக்காரருக்குரியது. எங்கள் பார்க் எக்ஸில் நாங்கள் நாள்தோறும் கடக்கும் ஓகில்வி வீதியின் பெயரும் ஸ்கொட்லாந்துப் பெயர்தான். ஆனால் வீதிக்குப் பெயர் கொடுத்தவர்கள் கொஞ்சப் பேர். குத்தகைப் பாக்கியோடு வந்தவர்கள்தான் அதிகம். மேல்வீட்டு அம்மா கூச்சமில்லாமல் சொன்னார்: "எங்கள் ஆட்களைத் துரத்திவிட்டார்கள். அதுதான் எங்கள் கதை."

சரி, அவர் எப்படித் தேடினார் என்று கேட்டேன். பயணிகள் பட்டியலில் கண்டுபிடித்தீர்களா என்றேன். அவர் சிரித்தார். 1865-க்கு முன்னர் கியூபெக் துறைமுகத்துக்கு வந்தவர்களின் முழுமையான பயணிகள் பட்டியல் பேணப்படவில்லையாம். 1865 முதல் 1935 வரையான பட்டியல்களைக் கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முன் வந்தவருக்குப் பெரும்பாலும் பட்டியல் இல்லை. ஆகவே அவர் கப்பலைத் தேடுவதை விட்டுவிட்டு, கப்பலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்.

ஸ்கொட்லாந்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு 1855-இல் தொடங்கியது. அதற்கு முன்னர் கோவில் பதிவேடுகள். குடிசனக் கணக்கெடுப்பு 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இவற்றில் ஒரு சிறப்பு இருக்கிறது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தகப்பன் பெயர் மட்டுமல்ல, தாயின் பெயரும், அந்தத் தாய் கலியாணத்துக்கு முன் கொண்டிருந்த குடும்பப் பெயரும் எழுதியிருக்கும். பெண்வழி அறுந்துபோவதில்லை. கியூபெக்கிலும் பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். 1981 முதல் இங்கே கலியாணம் கட்டும் பெண் தன் பெயரை மாற்றுவதுமில்லை.

அந்த அம்மா எனக்கு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று, 1851 மார்ச் 30-ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் எடுத்த குடிசனக் கணக்கு. அதில் அவருடைய ஆட்கள் எட்டுப் பேர்: தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள். மற்றது, கனடாவின் 1851 கணக்கு. பெயர்தான் 1851, உண்மையில் எடுக்கத் தொடங்கியது 1852 தை மாதம். அதில் அதே குடும்பம் ஆறு பேர். இரண்டு கணக்குக்கும் இடையில் பத்து மாதம்கூட இல்லை. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளின் பெயர் இரண்டாவது தாளில் இல்லை. கப்பலிலா, குறோஸ் தீவிலா, வந்து இறங்கிய பிறகா என்று எங்கும் எழுதப்படவில்லை. அந்த இரண்டு பெயரையும் அவர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த வட்டத்தின் அர்த்தம் விளங்கும்.

இப்போது நான் பேத்திக்குச் சொல்லாமல் விட்ட பதிலுக்கு வருகிறேன்.

நான் 1989-இல் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கினேன். பயணிகள் பட்டியலில் என் பெயர் இல்லை. நான் வேறொருவருடைய கடவுச்சீட்டில் வந்தவன். அந்தப் பெயர் யாருடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இறங்கி, அகதி என்று சொல்லி, என் சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் அதிகாரியிடம் கொடுத்தேன். சட்டப்படி விசாரித்து ஏற்றுக்கொண்டார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. அகதியாக வருபவர் சொந்தக் கடவுச்சீட்டில் வருவது அருமை. அதை அறிந்துதான் அகதிச் சட்டங்களே எழுதப்பட்டிருக்கின்றன. இருந்தும் முப்பது வருடத்துக்கு மேலாக என் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. களவெடுத்தவன்போல் ஒரு வெட்கம்.

1986 ஆவணி மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை நினைத்துப் பாருங்கள். கஸ் டால்ரன் என்ற மீனவத் தலைவரின் படகுதான் முதலில் அவர்களைக் கண்டு காப்பாற்றியது. அவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். பின்னர் ஜேர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் வந்தது தெரியவந்தது. பத்திரிகைகள் பொய்யர் என்று எழுதின. அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். 2010-இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோதும் அதே பேச்சு. 1851-இல் கந்தலோடு வந்து இறங்கிய தீவாரைப் பற்றியும், இந்தப் பிச்சைக்காரரை யார் தாபரிப்பது என்றுதான் அந்தக் காலத்திலும் கேட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்குப் பெருமையோடு கப்பலின் பெயரைத் தேடுகிறார்கள். வெட்கம் இரண்டு தலைமுறை இருக்கும். மூன்றாம் தலைமுறைக்கு அது வரலாறு. ஆனால் முதல் தலைமுறை வாயைத் திறந்து சொல்லியிருந்தால்தான் மூன்றாம் தலைமுறைக்குத் தேட ஏதாவது மிஞ்சும்.

அதனால் பேத்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தப் பெயர்க்காரரையும் மரத்தில ஒரு ஓரத்தில போடவேணும், அவர்தானே உங்களைக் கொண்டுவந்தவர்" என்றாள். பிள்ளைகள் எங்களைவிடப் பெரிய மனம் உள்ளவர்கள்.

பிறகு என் எட்டுப் பேரைத் தேடத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக் கடதாசிகள் 1995 ஐப்பசி 30-ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய அந்த இரவோடு போய்விட்டன. திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, இரும்புப் பெட்டியும் இல்லை. ஆனால் மேல்வீட்டு அம்மா சொன்ன பாடம் என்னிடம் இருந்தது: கப்பல் இல்லாவிட்டால் இரண்டு கரையிலும் தேடு.

எங்களுக்கு என்னென்ன ஆவணம் இருக்கிறது? முதலாவது, கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுப்போமே, அந்தச் சின்னப் புத்தகம். படம், திதி வெண்பா, தேவாரம், பின்னால் வம்சாவளி. நாங்கள் அதை வாங்கிக்கொண்டு வந்து எங்கேயோ போட்டுவிடுவோம். உலகத்தில் வேறு எந்தச் சமூகமும் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குடும்ப வரலாறு அச்சடிப்பதாக எனக்குத் தெரியாது என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் பொறாமைப்பட்டார். இப்போது 2005-இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஏராளமான நினைவு மலர்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்த சமூகம் நாங்கள். ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பது பிரதியே இல்லாததற்குச் சமம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, காணி உறுதி. எங்கள் தேசவழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்து எழுதினார்கள். அதன்படி தாயின் சீதனம் மகளுக்குப் போகும். ஆகவே சீதன உறுதியில் தாய், அவளுடைய தாய், அவளுக்கு முந்தியவள் என்று பெண்களின் பெயர் வந்துகொண்டே இருக்கும். ஸ்கொட்லாந்துக்காரருக்கு இறப்புப் பதிவு செய்த வேலையை எங்களுக்குச் சீதன உறுதி செய்திருக்கிறது. சீதனத்தால் எத்தனை பெண்கள் கண்ணீர் விட்டார்கள் என்பதையும் நான் அறிவேன். ஆனால் அந்த உறுதிகளிலேதான் அவர்களுடைய பெயர் மிஞ்சியிருக்கிறது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். வீட்டுப் பிரதி எரிந்தாலும் அது இருக்கக்கூடும்.

மூன்றாவது, சாதகக் குறிப்பு, கோவில் உபயகாரர் பட்டியல், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேடு. அமெரிக்க மிஷனார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள். கத்தோலிக்கப் பதிவுகள் அதற்கும் முந்தியவை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் கவனமாகப் பாருங்கள். அதில் பேரனுடைய பெயருக்கும் ஒரு கூடு உண்டு.

அந்தக் கூட்டுக்குப் பின்னால் ஒரு கொடுமையும் இருக்கிறது. என் மருமகள் மலையகக் குடும்பத்தில் வந்தவள். 1948 குடியுரிமைச் சட்டம் அவளுடைய ஆட்களிடம் தகப்பன் இலங்கையில் பிறந்தாரா, அல்லது பேரனும் பூட்டனும் பிறந்தார்களா, அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்தவருக்கு யார் பத்திரம் எழுதிவைத்தார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். முன்னோரைத் தேடுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. எங்களில் சிலருக்கு அது இருக்கலாமா, போக வேண்டுமா என்ற கேள்வியாக இருந்தது.

இதிலும் ஸ்கொட்லாந்து வருகிறது பாருங்கள். 1867-இல் கண்டிக்குக் கிட்ட லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் முதன்முதல் வியாபாரத் தேயிலை நட்ட ஜேம்ஸ் ரெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். பதினாறு பதினேழு வயதில் கப்பலேறி வந்தவர். நட்டவர் அவர் என்று எழுதுவார்கள். குழி வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் சனம். எடின்பரோ, பல்மோரல், அபொட்ஸ்போர்ட் என்று தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்கள். துரையின் பெயர் கல்லறையில் இருக்கிறது. தொழிலாளியின் பெயர் செக்ரோலில் இருந்தது. மலையகக் குடும்பத்தார் தோட்டத்துச் செக்ரோலையும், தமிழ்நாட்டில் விட்டுவந்த ஊர்ப் பெயரையும், குலதெய்வத்தின் பெயரையும் கேட்டுக் குறியுங்கள். குலதெய்வம் எந்தக் கிராமத்துக்கு உரியது என்று தெரிந்தால் பாதி வழி போனமாதிரி. குறோஸ் தீவைப்போல அவர்களுக்கு மண்டபம் முகாம். தோட்டத்துக்குப் போனவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய அதே மண்டபத்தில்தான் 1980-களுக்குப் பிறகு திரும்பி ஓடிவந்த அகதிகளையும் வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேரைத் தேடுகிறோம் என்று சொல்லிச் சாதியைத் தேடக்கூடாது. "எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய ஆட்கள்" என்று கேட்பவருக்கு எங்களில் பலர் ஏன் மறுமொழி சொல்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்ட பரம்பரை என்று கதை கட்டுவதும் வேண்டாம். ஸ்கொட்லாந்திலும் அது நடந்தது. கலொடனுக்குப் பிறகு தடைசெய்யப்பட்ட மலைநாட்டு உடுப்பு 1782-இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1822-இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த பிறகுதான் குலத்துக்கு ஒரு கட்டம்போட்ட துணி என்ற வழக்கம் பெரிதாகப் பரவியது. இன்று கடையில் வாங்கும் பல குலத் துணிகள் அந்த நூற்றாண்டில் வகுத்தவை. மேல்வீட்டு அம்மா சொன்னார்: "எனக்கு அரசன் வேண்டாம். குத்தகை கட்டமுடியாமல் போன அந்த மனிசனின் பெயர் போதும்."

எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒற்றுமைகள் எனக்கு வியப்பாக இருந்தன. 'மக்' என்றால் கேலிக்கில் மகன். பெண்ணானால் 'நிக்' என்று வரும். இன்னாரின் மகன், இன்னாரின் மகனின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக வாயால் ஒப்பிப்பார்களாம். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் வைப்பதுபோலத்தான். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர் என்பது அவர்கள் வழக்கம். நாங்கள் பாட்டனையும் பேரன் என்போம், பேரப்பிள்ளையையும் பேரன் என்போம். பேரைத் தாங்குபவன் பேரன்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. மொன்றியலுக்குக் கிழக்கே, ஷேர்புரூக்கையும் தாண்டி, ஸ்டோர்னோவே என்று ஒரு கிராமம் இருக்கிறது. லூயிஸ் தீவின் தலைநகர்ப் பெயர்தான் அது. ஒட்டாவாவில் எதிர்க்கட்சித் தலைவரின் இல்லத்துக்கும் அதே பெயர். 1838 முதல் லூயிஸ் சனம் அந்தப் பகுதியில் காடு வெட்டிக் குடியேறியது. வீட்டிலும் கோவிலிலும் கேலிக். அக்காலக் கனடாவில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் அடுத்ததாக அதிகம் பேசப்பட்ட ஐரோப்பிய மொழிகளில் ஒன்று அது. 1890-இல் கேலிக்கையும் அலுவல் மொழியாக்க வேண்டும் என்று செனற் சபையில் ஒரு சட்டமூலம்கூட வந்து தோற்றது. அந்த அம்மாவை அவருடைய மகன் அந்தப் பக்கத்து மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். பூட்டனின் கல்லைக் கண்டுபிடித்தார்கள். பெயரும் ஆண்டும் வாசிக்க முடிந்தது. கீழே கேலிக்கில் இரண்டு வரி. "என் அம்மம்மாவின் மொழி. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. போனில் படம் எடுத்து வேறொருவருக்கு அனுப்பித்தான் என்னவென்று அறிந்தேன்" என்றார்.

நேயர்களே, எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வர அடம்பிடிக்கும்போது எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது. நூறு கல்வெட்டை நாங்கள் பத்திரப்படுத்தலாம். வாசிக்க ஆளில்லாவிட்டால் அது யாருடைய குடும்ப வரலாறு?

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வாரமே உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். எட்டுப் பேரின் பெயரையும், ஊரையும், எப்படி இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்பதையும் கேளுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரே பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தால் நாலையும் எழுதுங்கள். வீட்டுக் கல்வெட்டுகளைப் பிரதி எடுத்து இரண்டு நாட்டில் வையுங்கள். படத்தின் பின்புறம் பெயரைப் பென்சிலால் குறியுங்கள். உங்கள் குடிவரவுக் கோப்பு அரசாங்கத்திடம் இருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டணத்தோடு விண்ணப்பித்து அதன் பிரதியைக் கேட்கலாம். நான் கேட்டேன். என் முப்பத்தொரு வயதுப் படம் அதில் இருந்தது. தம்பியின் பெயரை "சகோதரர்கள்" என்ற கூட்டில் என் கையால் எழுதியிருந்தேன். ஒரு புத்தகமும் சொல்லாது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்தக் கோப்புச் சொல்கிறது.

என் எட்டுப் பேர் கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஊரில் இருக்கும் மச்சான் ஒருவர் காணிப் பதிவகத்துக்கு மூன்று தரம் அலைந்து, என் அம்மாவின் சீதன உறுதியின் பிரதியை எடுத்து அனுப்பினார். அதில் வந்த வழி சொல்லும் பகுதியில், அம்மாவின் தாய்க்கு அந்தக் காணியைக் கொடுத்த அவருடைய தாயின் பெயர் இருந்தது. என் பூட்டி. கையெழுத்துப் போடத் தெரியாதவர். பெருவிரல் அடையாளம் வைத்தார் என்றும் அதில் எழுதியிருந்தது.

அந்தப் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அது எங்கள் வீட்டுக்கு. பேத்தி அதைத் தன் மரத்தில் எழுதினாள். ஒரு எழுத்தில் கொம்பை மாற்றிப் போட்டுவிட்டாள். திருத்திக் கொடுத்தேன். பிறகு மேல்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தமிழ் எழுத்துகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, பேத்தியிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "உனக்கு இதை வாசிக்கத் தெரியுமா?"

அவள் உரத்து வாசித்தாள்.

எட்டில் நான்கு ஆகிவிட்டது. இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள்.